வாசகர் கேள்வி: பாரிஸின் 'வெல் திவ்'

கேள்வி: பாரிஸ் போகிறேன். 'வெல் திவ்' சைக்கிள் அரங்கத்தைப் பார்க்க முடியுமா?
- முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: கட்டடமே இல்லை, 1959-இல் இடித்துவிட்டார்கள். 1910-இல் திறந்த உள்ளரங்கம் அது. மரப்பலகை ஓடுதளம், சுற்று 250 மீட்டர். வேகம் குறைக்காமல் திரும்புவதற்காக வளைவுகளின் வெளிப்புறத்தைச் சுவர்போலத் தூக்கியிருந்தார்கள். 1913 முதல் ஆறு நாள் பந்தயம்: அணிக்கு இருவர், ஒருவர் மிதிக்க மற்றவர் ஓய்வு.

வெளிச்சத்துக்கு வைத்த கண்ணாடிக் கூரைதான் பின்னால் எமனானது. இரண்டாம் உலகப்போரில் விமானத்தாக்குதலுக்குப் பயந்து அதற்கு நீலச்சாயம் பூசியிருந்தார்கள். பாரிஸ் நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த 1942 ஜூலையில் பிரெஞ்சு போலீஸ் எட்டாயிரம் யூதர்களுக்கு மேல் உள்ளே அடைத்தது, பாதிப்பேர் குழந்தைகள் (ஜெர்மானியரல்ல, பிரெஞ்சு போலீஸ்!). ஜன்னல்களும் மூடல், புழுக்கம், தண்ணீர்த் தட்டுப்பாடு. அரசின் பொறுப்பை அதிபர் சிராக் ஒப்புக்கொண்டது 1995-இல்தான்.

மெட்ரோ 6-ஆம் தடத்தில் பிர்-ஹக்கேமில் இறங்குங்கள். நினைவிடம் நடக்கும் தூரம்தான்.