நியூட்ரான் கேப்சர்னா என்ன? லேசான அணுக்கருக்கள்ல அதை அளக்குறது ஏன் கஷ்டம்?

ஒரு நியூட்ரான் அணுக்கருக்குள்ள போய் அங்கயே ஒட்டிக்கிட்டா அதுதான் நியூட்ரான் கேப்சர். மிச்சமாகுற எனர்ஜி காமா கதிரா வெளிய வரும், ஹைட்ரஜன் பிடிச்சா அது டியூட்டீரியமா (ஒரு நியூட்ரான் கூடுதலா இருக்குற கனமான ஹைட்ரஜன்) மாறி 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல எனர்ஜியை அளக்குற அலகு) காமா ஒண்ணு வரும், அந்த காமாவை எண்ணினாலே எத்தனை பிடிபட்டுச்சுன்னு கணக்கு போட்டுடலாம்.

பொதுவா நியூட்ரானோட வேகம் குறைஞ்சா பிடிபடுற வாய்ப்பு கூடும், ஏன்னா கரு பக்கத்துல அது இருக்குற நேரம் அதிகம். பறக்குற பஸ்ஸை விட உருண்டுட்டு போற பஸ்ல தொத்துறது ஈஸி இல்லையா, அப்படித்தான். வேகத்தை கண்டுபிடிக்க ஜெனீவா பக்கம் சேர்ன்ங்கிற இயற்பியல் ஆய்வுக்கூடத்துல நியூட்ரானை 185 மீட்டர் தூரம் ஓடவிட்டு நேரத்தை பாக்குறாங்க.

கஷ்டம் எங்கன்னா, கார்பன் மாதிரி லேசான கருக்கள் பெரும்பாலும் நியூட்ரானை பிடிக்காம சிதறடிச்சிடும், சிதறினது காமாவை எண்ணுற டிடெக்டர்லயே மாட்டி பொய் காமா கிளப்பும். அதனாலதான் ஹைட்ரஜனுக்கு பதிலா, நியூட்ரானை ரொம்ப கம்மியா பிடிக்கிற டியூட்டீரியம் போட்ட பென்சீன் திரவத்தை டிடெக்டரா வைக்கிறாங்க, அருமையான ஐடியா!

கரு பெருசா இருந்தா அதிகமா பிடிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, டியூட்டீரியம் ஹைட்ரஜனை விட பெருசு, ஆனா மெதுவான நியூட்ரானை பிடிக்கிற வாய்ப்பு அதுக்கு 600 மடங்குக்கு மேல கம்மி.