டிரைலர் கேபினில் தூங்க தனி கரண்ட்: எங்கே வைப்பது, எதை வைக்கவே கூடாது

கேள்வி இதுதான்: "நாமக்கல்லில் இருந்து டிரைலர் ஓட்டுகிறோம். இரவில் இன்ஜினை அணைத்துவிட்டு கேபினில் ஏசியோ கூலரோ ஓட தனியாகக் கரண்ட் வேண்டும். சேசிஸில் இடமே இல்லை. கேபினுக்குப் பின்னால் சின்ன ஜெனரேட்டர் வைக்கலாமா?"

வேண்டாங்க. தயவுசெய்து வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சங்ககிரியில் மூன்று டிரைலர் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினான்கு வருடம் நானே ஓட்டினேன். எலக்ட்ரிக்கல் படித்தவன் இல்லை, கணக்கில் தப்பிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் நான் மாற மாட்டேன்.

2019 மே மாதம். ராய்ப்பூரில் இரும்பு ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி கோயம்புத்தூருக்கு வந்துகொண்டிருந்தது. நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் இரவு நிறுத்தம். மே மாதத்தில் அந்தப் பக்கம் பகலில் 45 டிகிரி அடிக்கும். நம் வண்டிகளில் கேபினுக்கு நேர் கீழேதான் இன்ஜின். அணைத்து ரெண்டு மணி நேரம் ஆனாலும் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடைக்குத்தான் நான் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி, கேபினுக்கும் டிரைலருக்கும் நடுவில் இருந்த இடத்தில் தகடு போட்டுக் கட்டியிருந்தேன். உள்ளே ஒரு கூலர். அது பின் ஜன்னல் வழியாக வெளிக்காற்றை இழுக்கும்.

ஓட்டியவர் எடப்பாடிப் பக்கத்துத் தம்பி, எட்டு வருடமாக எங்களோடு இருப்பவர். கூட ஒரு கிளீனர் பையன். கொசுவுக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரெண்டு பேரும் படுத்துவிட்டார்கள். பக்கத்தில் இன்னொரு லாரி ஒட்டி நின்றிருக்கிறது, காற்றே அசையவில்லை. ஜெனரேட்டர் விட்ட புகையைக் கூலர் நேராக உள்ளே இழுத்திருக்கிறது. மூன்றரை மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்த தம்பிக்குத் தலை பிளக்கிற வலி, கால் நிற்கவில்லை. பையனை உலுக்கியும் எழவில்லை. போனில் என்னிடம், "அண்ணா, பையன் எந்திரிக்க மாட்டேங்கிறானுங்க" என்றார். இங்கிருந்து என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். தாபாக்காரர்கள்தான் பையனைத் தூக்கி வெளியே போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம்தான் பேசினான். கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது.

"திறந்த வெளிதானே, புகை எப்படி உள்ளே வரும்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நானும் அதைச் சொல்லித்தான் கட்டினேன்.

சரி, இன்ஜினையே ஓடவிட்டு ஏசி போடலாமே என்றால், நான் அளந்தபோது மணிக்கு ரெண்டு லிட்டர் பக்கம் டீசல் போனது. ஏழு மணி நேரத்துக்குப் பதினான்கு லிட்டர். டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது யாருக்குக் கட்டும்? பிஎஸ் 6 வண்டியை, அதாவது புதுப் புகை விதிப்படி வந்த வண்டியை, இப்படி மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டால் சைலன்சர் ஃபில்டரில் கரி அடைவதும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் ஆகிவிட்டது, நல்ல விஷயம்தான். ஆனால் அது இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நின்ற வண்டியில் படுப்பவனுக்கு அதனால் ஒன்றும் கிடையாது.

அடுத்து பட்டறையில் சொல்லும் வழி: வண்டியில் இருக்கும் ரெண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து 12 வோல்ட் எடுத்து இன்வெர்ட்டர் மாட்டுவது. இதையும் செய்து பார்த்துவிட்டேன். 24 வோல்ட் வண்டியில் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியும் தொடராக, ஒன்றோடு ஒன்று கோர்த்து இருக்கின்றன. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது தேய்ந்துகொண்டே போகும், மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஆகும். கொஞ்ச நாளில் ரெண்டும் போய்விடும். விடியற்காலையில் லோடோடு செல்ஃப் அடிக்காது. ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியை யாரும் தொடக்கூடாது என்பது இப்போது எங்கள் வண்டியில் சட்டம்.

இப்போது எங்களிடம் ஓடுவதைச் சொல்கிறேன். இன்ஜின் ஓடாமல் 24 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும் பார்க்கிங் ஏசி, அதற்குத் தனியாக 25.6 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி. இருபத்தஞ்சு கிலோவுக்குள்தான் எடை. சேசிஸில் இடம் தேடவே வேண்டாம், படுக்கைக்குக் கீழே உள்ள பெட்டியிலேயே உட்காரும். கிளீனர் பக்கத்து ஓரமாக வையுங்கள், இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம். சூட்டில் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். ஏசி ஆரம்பத்தில் 30 ஆம்பியர் வரை இழுக்கும், குளிர்ந்த பிறகு குறையும். சராசரி 18 என்று வைத்தால் அஞ்சரை மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் மூன்றரை வரை, அதற்குள் வெளியும் ஆறிவிடும், அப்புறம் ஃபேன் போதும். முழு இரவும் வேண்டுமென்றால் 200 ஆம்பியர் அவர் பேட்டரி வாங்குங்கள், எங்களுக்கு வசதிப்படவில்லை.

ஆல்டர்னேட்டரில் இருந்து ஒயரை நேராக லித்தியத்துக்கு இழுக்காதீர்கள். அது கேட்கிற கரண்ட்டை எல்லாம் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும். நடுவில் கரண்ட்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். எங்களுடையது 20 ஆம்பியர், பகலில் அஞ்சு மணி நேரம் ஓடினால் நிரம்பிவிடும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள். சேசிஸில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள்.

ஏசியின் வெளி யூனிட் கேபின் பின்சுவரில். பிஎஸ் 6 வந்த பிறகு ஒரு பக்கம் பெரிய சைலன்சர், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க், மறுபக்கம் டீசல் டேங்க். மிச்சம் இருப்பது அந்தச் சுவர்தான். மாட்டுவதற்கு முன் காலி இடத்தில் வண்டியை முழுதாக ஒடித்து, அதாவது கேபின் டிரைலருக்குக் குறுக்காக வரும்படி திருப்பி நிறுத்தி, டிரைலர் மூலைக்கும் சுவருக்கும் எவ்வளவு இருக்கிறது என்று மூங்கில் குச்சி வைத்து அளந்தோம். பள்ளத்தில் இறங்கும்போது டிரைலர் மூக்கு இன்னும் கிட்டே வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபினை முன்னால் சாய்க்கும்போது ஒயர் இழுபடாமல் தளர்வாக விட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு வண்டிக்கு ஒன்றரை லட்சம் பக்கம் ஆனது. அதற்கு முன்னால் இன்ஜின் மூடிக்கும் கூரைக்கும் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டுங்கள். அதுவே பாதி வேலையைச் செய்தது.

கேஸ் புல்லட் டேங்கராக இருந்தால் இதில் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். அதற்கு வெடிபொருள் துறை விதிகள் தனி.

"அந்தக் காலத்தில் வேப்பமரத்தடியில் பாய் விரித்துத் தூங்கினோம், இப்போது டிரைவருக்கு ஏசியா" என்று என் சொந்த மாமாவே கேட்டார். அன்றைக்கு ரோட்டோரம் மரம் இருந்தது, லோடு இறக்கினால் கிளம்பலாம். இன்றைக்குத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே ரெண்டு நாள், மூன்று நாள் நிற்க வைக்கிறார்கள். உள்ளே கக்கூஸுக்குக் கூட விடுவதில்லை. காத்து நின்ற நாளுக்கு ஹால்டிங் பணம் கேட்டால் அடுத்த லோடு கிடையாது. எடை அஞ்சு கிலோ குறைந்தால் மட்டும் வாடகையில் பிடிக்கத் தெரிகிறது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் நம் ஊர் டிரைவர்கள் தங்கள் பையன்களை ஸ்டியரிங் பக்கமே விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம், யாராவது எழுத வேண்டும்.

அந்தக் கிளீனர் பையன் இப்போது எங்கள் ரெண்டாவது வண்டியின் டிரைவர். புது ஏசி முதலில் ஏறியது அவன் வண்டியில்தான். உங்கள் கேபின் மாடலும், டிரைலர் ஒடிக்கும்போது கிடைக்கும் இடைவெளியும் அளந்து கீழே எழுதுங்கள். வெளி யூனிட் எந்தப் பக்கம் உட்காரும் என்று சொல்கிறேன்.