எறும்புப் புற்றின் முன் உட்கார்ந்த குழந்தை: வாசகர் கேள்வி–பதில்

சிறு குழந்தைகளைப் பூங்கா, ஏரிக்கரை, மலையடிவாரம் போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்வது குறித்து வாசகர்களிடமிருந்து கேள்விகள் கேட்டிருந்தோம். அரையாண்டு விடுமுறை நெருங்குவதால், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் குடும்பமாகச் சென்றோம். மானையும் பறவைகளையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடைபாதை ஓரம் ஓர் எறும்புப் புற்றின் முன் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தாள். இழுத்துக்கொண்டு போனால் கால் வலிக்கிறது என்று அழுகை. அவளுக்கு இயற்கையில் ஆர்வமே இல்லையோ?
– வாசகி, மந்தைவெளி, சென்னை

பதில்: எறும்புப் புற்றை விட்டு எழ மறுத்த குழந்தைக்கு இயற்கையில் ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அவள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டாள். பெரியவர்கள் பார்க்க வந்ததுதான் வேறு. வேலிக்கு அப்பால், மர நிழலில் அசையாமல் நிற்கும் புள்ளிமானைப் பின்னணியிலிருந்து பிரித்தறிவது பழக்கமில்லாத கண்ணுக்கு எளிதன்று. எறும்போ அவள் காலடியிலேயே, தன்னைவிடப் பெரிய இறகு ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. நான்கு வயதில் யாராக இருந்தாலும் எறும்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

கிண்டியில் குறை ஒன்றும் இல்லை. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த இடம் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புக்குள் வெளிமானையும் புள்ளிமானையும் நரியையும் மாநகரின் நடுவே வைத்துக் காத்துவருகிறது. உள்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிப் போக முடியாது. மக்கள் பார்ப்பது அதன் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவை மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிறு குழந்தைக்கு எதிரே தெரிவது பெரியவர்களின் முழங்கால்கள்தான் என்பதால், வாரநாள் ஒன்றில், திறந்தவுடன் போய்விடுவது நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து வாசல் வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கிண்டியை அன்று, லஸ்ஸில் உள்ள நாகேசுவர ராவ் பூங்காவை. மந்தைவெளியிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். திட்டமிடவோ கட்டுச்சோறு கட்டவோ தேவையில்லை. ஒரே பூங்காவுக்கு, முடிந்தால் ஒரே மரத்தடிக்கு, அடிக்கடி அழைத்துச் செல்லுங்கள். தூங்குமூஞ்சி மரம் ஒன்று கண்ணில் பட்டால் அந்தி நேரத்தில் அதன் கீழே நின்று இலைகள் ஒவ்வொன்றாக மடிவதைக் காட்டுங்கள். சரக்கொன்றையில் இன்று பூ இல்லை, சித்திரையில் மரமே மஞ்சளாக இருந்தது என்பதை அவளாகவே கவனித்துச் சொல்ல வேண்டுமானால், இரண்டு பருவத்திலும் அவள் அங்கே வந்திருக்க வேண்டும் அல்லவா? தொலைவில் உள்ள இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போவதில் இது நடக்காது.

கால் வலியைப் பொறுத்தவரை, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அது நாள் முழுவதும் பரவலாகச் சேரும் கணக்கேயன்றி, ஒரே மூச்சில் நடக்க வைப்பதற்கான கணக்கு அன்று. அரை மணி நேரத்தில் நூறு அடி நகர்ந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். உங்களுக்கும் அலுப்புத் தட்டாது.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து சிங்காநல்லூர் குளம் பக்கம்தான். மூன்று வயது மகனை மாலையில் கரையோரம் நடக்க அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பாம்பு இருக்கும், கொசு கடிக்கும், மண்ணில் கை வைத்தால் வயிற்றில் பூச்சி வரும் என்று என் மாமியார் தடுக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் மூன்றும் உண்மையான ஆபத்துகளே. ஆகவே அவருக்குப் புரியவைப்பதை விட, அவர் சொல்வதற்கு ஏற்பாடு செய்துகொண்டு அவரையும் உடன் அழைத்துச் செல்வதே மேல்.

பாம்பு தானாகத் தேடி வந்து கடிப்பதில்லை. மிதிபடும்போதோ, பொந்திலும் கற்குவியலிலும் கை நுழையும்போதோதான் கடிக்கிறது. மூடிய காலணி, புல் மண்டாத பாதை, இருட்டுவதற்கு முன் வீடு திரும்புதல் ஆகிய மூன்றும் பெரும்பகுதி ஆபத்தை விலக்கிவிடும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. காப்பு, கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். பச்சிலை, மந்திரம் என்று வழியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பின்பும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் தொல்லை மிகுதி. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை மூடும் கால்சட்டையும்தான் முதல் காப்பு. கொசு விரட்டிப் பூச்சு வாங்கினால் அட்டையில் வயது வரம்பைப் பாருங்கள். எலுமிச்சை வாசமுள்ள யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தவை மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியவை அல்ல.

மண்ணைப் பொறுத்தவரை, கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியே உடலுக்குள் புகுவது. மலம் கழிக்கும் இடங்களின் அருகே இந்த ஆபத்து உண்டு. செருப்பைக் கழற்றவிடாமல், வீடு திரும்பியதும் நகக்கண் வரை சோப்பால் கழுவி, அங்கன்வாடியில் தரும் குடற்புழு நீக்க மருந்தைத் தவறாமல் கொடுத்தால், மண்ணில் விளையாடுவதைத் தடுக்கக் காரணம் இல்லை.

வந்த கடிதங்களில் தெருநாயைப் பற்றி ஒருவர்கூடக் கேட்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஏரிக்கரையில் பாம்பைவிட அடிக்கடி எதிர்ப்படுவது அதுதான். குழந்தையின் கையில் பிஸ்கட் இருக்கக் கூடாது. நாயைக் கண்டால் ஓடாமல் நிற்கப் பழக்குங்கள். நாயோ குரங்கோ பல்லோ நகமோ படும்படி தீண்டினால், சிறு கீறலே ஆனாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போடச் செல்ல வேண்டும்.

கேள்வி: ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு இரண்டரை வயது மகளை அழைத்துப் போனோம். ஒரு பூச்சியைக் காட்டுவதற்குள் அது பறந்துவிடுகிறது; பத்து நிமிடத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் வளர்ந்த பிறகு போகலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக மீண்டும் போகலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, 2015-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா 25 ஏக்கர் அளவு பரந்தது. மழைக்காலம் ஓய்ந்த பிறகு, வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் போனால் பூச்சிகள் மிகுதியாகப் பறக்கும். எனினும் இந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது பறக்கும் பூச்சி அன்று, ஊரும் புழு. அதற்குத் திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் வரைகூடப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடி போதும்.

எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைத் தளிர்களில் ஒவ்வொன்றாக முட்டையிடும். குண்டூசித் தலையளவு, இளமஞ்சள், உருண்டை. வெளிவரும் புழு முதலில் பழுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்தபின் தோல் உரித்துப் பச்சையாகிவிடும். வளர்ந்த புழுவை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டும். கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி. குழந்தைகள் இதை மறுபடியும் செய்யச் சொல்வார்கள்; ஒருமுறை போதும் என்று சொல்லிவிடுங்கள், புழுவுக்கு அது அச்சம்.

முட்டையிலிருந்து பூச்சி வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். காற்றுப் புகாத பாட்டிலில் அடைக்காமல் செடியிலேயே விட்டுவிடுங்கள். ஒருநாள் புழுவைக் காணாமலும் போகலாம். குளவியோ பறவையோ கொண்டுபோயிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லலாம். அதுவரை அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலை குறைந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கு போனாலும் காய், விதை, இலை என்று பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வருகிறான் ஐந்து வயதுப் பேரன். அனுமதிக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கீழே உதிர்ந்தவற்றைப் பொறுக்கலாம், கிளையிலிருந்து பறிக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் உதிர்ந்ததையும் எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தாங்கள் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அந்தக் குன்றிமணி கொடிய நஞ்சு. மேல்தோல் கடினமானது என்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் வெளியேறிவிடும் என்றாலும், கடித்து உடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எப்படி விழுங்கியிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி விதையைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதுவும் தொண்டையில் சிக்கும்.

கேள்வி: ஆறு, ஒன்பது வயதில் இரண்டு பிள்ளைகள். அரிட்டாபட்டி மலைக்கு அழைத்துப் போகலாமா? அவர்களால் ஏற முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: போகலாம், ஏற வேண்டியதில்லை. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, உச்சியைத் தொடுவதற்கான மலை அன்று. ஆனைகொண்டான் கண்மாய்க் கரை, முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் சமணக் குகைத்தளமும் என்று பார்க்க வேண்டியவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. அத்தனையையும் ஒரே காலையில் முடிக்க நினைத்தால் பிள்ளைகள் இனி மலை என்றாலே ஓடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மார்கழி, தை மாதங்களில், விடியும்போதே அடிவாரத்தில் இருங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். நிழல் குறைவு என்பதால் தொப்பியும் ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலும் கட்டாயம். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் வழி தவறாது. பிள்ளைகளுக்கு நம்மைவிட அவர் சொல்லும் கதை பிடிக்கும். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளி ஆகிய மூன்று அரிய வேட்டைப் பறவைகள் வாழும் இடம் அது. கூட்டமாகக் கத்தினால் அவை கூட்டை விட்டு எழுந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை கல்வெட்டின் நான்கைந்து எழுத்துகளைத் தாளில் பார்த்து எழுதட்டும். பாறையில் கையோ சாக்குக்கட்டியோ படக் கூடாது. தம் பெயரைப் பாறையில் கீறிவிட்டுப் போன பெரியவர்களைக் காண நேர்ந்தால், அதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம்.

கேள்வி: சென்னைக் கடற்கரையில் இரவில் ஆமை பார்க்க நடந்து போகிறார்களே, அதற்கு ஐந்து வயது மகனை அழைத்துப் போகலாமா?
– வாசகி, அடையாறு

பதில்: இப்போது வேண்டாம். பங்குனி ஆமைகள் சனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையேறும் காலத்தில், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நடத்தும் நடை அது. நள்ளிரவை ஒட்டித் தொடங்கி, நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. அத்தனைக்கும் பிறகு ஆமை வராமலே போகலாம். தூக்கம் கெட்ட ஐந்து வயதுப் பிள்ளையை மணலில் தோளில் சுமந்து நடப்பது தங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அவனுக்கு ஏற்றது அடுத்த கட்டம். எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்த முட்டைகள் ஏறத்தாழ 45 முதல் 50 நாட்களில் பொரியும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலுக்குள் விடுவதைப் பெசன்ட் நகரில் பொதுமக்கள் பார்க்கலாம். கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும், குஞ்சைத் தொடக் கூடாது, கைப்பேசி விளக்கை எரியவிடக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கியே நகர்பவை. கடலின் பக்கம் இருக்க வேண்டிய வெளிச்சம் நம் கையில் இருந்தால் திசை மாறிவிடும். இதைக் கிளம்பும் முன்பே மகனுக்குச் சொல்லிவிட்டால், அங்கே பெரியவர்களையே அவன் அதட்டுவான்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. பேத்தியுடன் நடக்க முடியாது. எங்களுக்கு ஏதாவது இடம் உண்டா?
– ஒரு பாட்டி, பாளையங்கோட்டை

பதில்: கூந்தன்குளம் போய்வாருங்கள் அம்மா. அங்கே பறவைகள் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்களும் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்துவருகிறார்கள். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வருவதில்லை. மரத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுவிடாதீர்கள், எச்சம் தலையில் விழும்.