சென்னை–மதுரை விமானம்: தூரமும் நேரமும், வேலூர்க்காரர்களின் கேள்விகளும்

சத்துவாச்சாரியிலிருந்து: சென்னை–மதுரை வான்வழித் தூரம் ஒரு இடத்தில் 418, இன்னொரு இடத்தில் 226 என்று போட்டிருக்கே சார்? எது சரி?

இரண்டும் சரி. 226 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 418 கிலோமீட்டர் வந்துவிடும்.

காட்பாடியிலிருந்து: ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகம் என்கிறார்கள். அரை மணியில் மதுரை வந்துவிட வேண்டாமா அண்ணே? டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருக்கு.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சென்னையில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, மதுரையில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகம்தான், அதாவது மணிக்கு 463 கி.மீ. மேலே ஏறி, முழு வேகம் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். போதாததற்கு, தாமதம் என்று பெயர் வாங்காமலிருக்க கம்பெனிக்காரர்களும் சில நிமிடம் சேர்த்தே போடுவார்கள். நான் போடும் கணக்கு: தூரத்தை 800ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். மதுரைக்கு 31 + 40. கொல்கத்தா 1,385 கி.மீ.; கிட்டத்தட்ட இரண்டே கால், இரண்டரை மணிக்குள் அடங்கும்.

ஆற்காட்டிலிருந்து: விசிறி வைத்த ஏடிஆர் விமானம் ரொம்ப மெதுவோ?

மணிக்கு 500 கி.மீ. அருகில் போகும். மதுரை தூரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம். அதற்காக டிக்கெட்டை மாற்றாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து: வேலூரிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போவது லாபமா?

வேலூர்–மதுரை நேர்க்கோட்டில் 356 கி.மீ.தான். நாமோ முதலில் கிழக்கே மீனம்பாக்கத்திலுள்ள சென்னை விமான நிலையம் போய், அங்கிருந்து தென்மேற்கே திரும்புகிறோம். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலோடு மூன்று மணி நேரம், நிலையத்தில் ஒன்றரை, விமானத்தில் ஒண்ணேகால், மதுரையில் வெளியே வர அரை மணி. ஆறேகால் ஆகிவிட்டது. ரயில் இருக்கும் நாளில் ராத்திரி காட்பாடியில் ஏறித் தூங்கிவிட்டால் விடியும்போது ஊர் வந்துவிடும். என் ஓட்டு அதற்குத்தான். சென்னையில் வேறு வேலை இருந்தால் மட்டும் விமானம்.

அப்துல்லாபுரத்திலிருந்து: நம்ம ஊர் வேலூர் விமான நிலையத்தில் சேவை வந்தால் சென்னைக்கு எவ்வளவு நேரம்?

நேர்க்கோட்டில் 120 கி.மீ. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பேசப்படுவது 19 பேர் அமரும் சின்ன விமானம். பறப்பது இருபது நிமிடம், எல்லாம் சேர்த்து முக்கால் மணி. ஆனால் காட்பாடியிலிருந்து வந்தே பாரத் ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரலில் விட்டுவிடுகிறது. அதனால் சென்னைக்கு இந்த விமானம் எடுபடாது. பெங்களூருக்குப் போனால் ஆள் ஏறும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை அருகே தங்கியிருப்பவர்: கொல்கத்தாவிலிருந்து அம்மாவை அழைத்து வருகிறேன். சென்னையா, பெங்களூரா?

சென்னைதான். வேலூருக்குச் சாலையில் 130 கி.மீ. பெங்களூரு நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே. கோலார், சித்தூர் வழியாக வந்தாலும் 200 கி.மீ. தாண்டும். திருப்பதி (ரேணிகுண்டா) சுமார் 110 கி.மீ. என்றாலும் விமானங்கள் குறைவு. பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.