புற்றுநோய் சிகிச்சையும் பல் பிரச்சினைகளும்: வாசகர் கேள்விகள், பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. நாக்கில் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சு தொடங்கவிருக்கிறது. வலியே இல்லாத இரண்டு கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். வலி வரும்போது பார்த்துக்கொள்ளக் கூடாதா? (திருநெல்வேலி)

பதில்: கூடாது என்பதே என் கருத்து. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பிறகு அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல், எலும்பே உயிரிழந்து வெளியே தெரியத் தொடங்கலாம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆண்டுகள் பல கடந்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. அதனால்தான் காப்பாற்ற முடியாத பற்களை, ஈறு மூடி ஆறுவதற்கு அவகாசம் இருக்கும்படி, கதிர்வீச்சுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே எடுத்துவிடுகிறோம். இருக்கும் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் காரணத்தைக் கேளுங்கள். அடைத்துக் காப்பாற்றக்கூடிய நல்ல பற்களை இப்போது யாரும் வீணாக எடுப்பதில்லை. அதே சமயம், அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சை 6 வாரங்களுக்குள் தொடங்குவதே விரும்பத்தக்கது என்பதால், பல்லுக்காக அதைத் தள்ளிப்போடும் முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். இரு மருத்துவர்களும் நேரடியாகப் பேசித் தேதி குறிப்பதே முறை.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக 21 நாட்களுக்கு ஒருமுறை கீமோ எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது சுற்று முடிந்த ஒரு வாரத்தில் சொத்தைப் பல் வலிக்கத் தொடங்கியது. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் போடலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: பொதுவாகக் கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள்தான் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மிகவும் குறைந்திருக்கும், உங்கள் வலி சரியாக அந்த நாட்களில் வந்திருக்கிறது. இந்த நிலையில் ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவை அதிகமாக்கலாம். பாராசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்றாலும் அது காய்ச்சலை மறைத்துவிடும். எனவே முதலில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் மருத்துவரிடம் கேட்ட பிறகே போடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, முகம் வீங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவசரம் இல்லையென்றால், அடுத்த சுற்றுக்குச் சில நாட்கள் முன்பு, அணுக்கள் மீண்டிருக்கும் வேளையில் பல்லைக் கவனிக்கலாம். பல் பிடுங்குவதற்குப் பொதுவாகத் தட்டணுக்கள் 50,000-க்கு மேலும், வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் 1,000-க்கு மேலும் இருக்க வேண்டும் என்று பார்ப்போம். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். முடிந்தவரை பிடுங்காமல் ரூட் கேனால் செய்வதையே நான் விரும்புவேன்.

கேள்வி: கீமோவால் வாயெல்லாம் புண்ணாகி, சோறு இறங்கவில்லை. பல் துலக்குவதையும் நிறுத்திவிட்டேன். கிராம்பு எண்ணெய் தடவலாமா? (தஞ்சாவூர்)

பதில்: கிராம்பு எண்ணெய் புண்ணை மேலும் எரித்துவிடும், வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அப்படித்தான். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, நாள்தோறும் புதிதாகத் தயாரித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்புங்கள். மிக மென்மையான பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாகத் துலக்கலாம். துலக்குவதை அடியோடு நிறுத்தினால் கிருமிகள் பெருகி, புண் வழியாக இரத்தத்தில் கலக்க இடம் கொடுத்தவர்களாவோம். வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு. ஆறிய கஞ்சியும் குழைந்த தயிர்சாதமும் இறங்கும். முறுக்கும் ஊறுகாயும் சில வாரங்கள் காத்திருக்கட்டும்.

கேள்வி: பல் செட்டை இரவிலும் அணியலாமா? (மதுரை)

பதில்: கழற்றிவிடுங்கள். வாயில் புண் இருக்கும் நாட்களில், உண்ணும் நேரம் தவிரப் பகலிலும் அணியாமலிருப்பது நல்லது.

கேள்வி: எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக என் மாமியாருக்கு மாதந்தோறும் எலும்பு வலுப்பெற ஊசி போடுகிறார்கள். இப்போது ஒரு பல் ஆடுகிறது. அருகிலுள்ள கிளினிக்கில் எடுத்துவிடலாமா? (சேலம்)

பதில்: அந்த ஊசியின் பெயரைச் சொல்லாமல் எடுக்க வேண்டாம். சோலிட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகளைப் பெறுபவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. இவ்வகை மருந்துகளுக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பை 2003-இலிருந்து மருத்துவ உலகம் கவனித்துவருகிறது. சத்து ஊசி போன்றதுதானே என்று எண்ணிப் பலரும் பல் மருத்துவரிடம் இதைச் சொல்வதேயில்லை. கீமோவைப் பற்றி விரிவாகப் பேசுபவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். நீங்களாக ஊசியை நிறுத்துவதும் பயன் தராது, ஏனெனில் சோலிட்ரோனிக் ஆசிட் எலும்பிலேயே பல ஆண்டுகள் தங்கிவிடும். டெனோசுமாபைத் திடீரென விட்டால் வேறு சிக்கல்கள் எழும். லேசாக ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்து வைக்கலாம். சொத்தைப் பல்லானால் மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, வேருக்கு ரூட் கேனால் செய்து உள்ளேயே விட்டுவிடலாம். எடுத்தே தீர வேண்டுமென்றால், அதை வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணர் செய்யட்டும். பிறகு எலும்பு வெளியே தெரிகிறதா என்று சில மாதங்களாவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.