பழைய அம்பாசிடரைக் கட்டும்போது ஓட்டம், சொகுசு, அழகு மூன்றில் எதற்கு முதலிடம் கொடுப்பது?

தாத்தா காலத்து அம்பாசிடரைத் தினமும் ஓட்டுகிற மாதிரி கட்ட வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1978 மார்க் 3. நான் அழகில் ஆரம்பித்தேன். அதுதான் தப்பு.

17 அங்குல அலாய் வீல், பட்டையான டயர், இரண்டு அங்குலம் தாழ்த்திய பாடி. போட்டோவில் வண்டி அள்ளிக்கொண்டு போனது. தெருவில் இறக்கினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலென்சர் உரசும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, அகல டயரை ஒடித்து பார்க்கிங் போடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மூன்றே மாதத்தில் 15 அங்குல இரும்பு வீலும் பழைய உயரமும் திரும்பி வந்துவிட்டன. டயரை மட்டும் 15 அங்குலத்திலும் ரேடியலாகவே வைத்துக்கொண்டேன். நேர்ரோட்டில் வண்டி அலைபாய்வது குறைந்தது அதனால்தான்.

முதல் செலவு பிரேக்குக்குத்தான் இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு நாலு பக்கமும் டிரம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் லைனிங் கருகும் வாடை வந்து, மிதித்தாலும் பிடிக்கவில்லை. பின்சீட்டில் அம்மா. அன்றைக்கே முடிவு செய்து முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும், மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரும் போட்டேன். வீல் கப் மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

எஞ்சினில்தான் ரொம்பக் குழம்பினேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் இசுசு 1800 எஞ்சினையும் ஐந்து கியரையும் வைத்தது, அதையே போடு என்று எல்லோரும் சொன்னார்கள். நெடுஞ்சாலைக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீயரிங் பக்கம் இருக்கும் கியர் தரைக்கு வந்துவிடும், மூன்று பேர் உட்காரும் முன்சீட்டு போய்விடும். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியிலும் ஏற்ற வேண்டும். நான் பழைய 1489 சிசியையே பிரித்துச் செய்து ஓட்டுகிறேன். எழுபதில் போகிறேன், அவசரமில்லை.

ஏசிக்காக டைனமோவை எடுத்துவிட்டு, கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், பெரிய ரேடியேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தேன். மேம்பாலம் ஏறும்போது மட்டும் ஏசியை அணைத்துவிடுவேன். அப்புறம் சீட்டு. தொய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு கெட்டியான ஃபோம் வைத்தார் குஷன்காரர். ஒரு அங்குலம் உயர்ந்து, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. மறுபடி பிரித்துச் செதுக்கினோம். லெதர் நிறத்தைப் பிறகு யோசியுங்கள், முதலில் உட்கார்ந்து பாருங்கள். சீட் பெல்ட் போடுவதானால் பெயிண்டுக்கு முன்பே நடுத்தூணில் கனமான தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடுங்கள்.

பெயிண்ட் பழைய வெள்ளையேதான். பம்பருக்குப் புது குரோம், அவ்வளவுதான்.

கழற்றிய டிரம், டைனமோ எல்லாம் பரணில் மூட்டையாக இருக்கின்றன. 2028இல் வண்டிக்கு 50 வயது. 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம், ஆனால் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது, அன்றாடம் ஓட்டவும் கூடாது. நான் கேட்கப் போவதில்லை. பிள்ளைகள் கேட்டாலும் கேட்பார்கள், அப்போது அந்த மூட்டை உதவும்.