ரேகை கேள்விகள்: ரேஷன் கடையில இருந்து புரோநோட்டு வரைக்கும்

எங்க வீட்டு இரட்டைப் பசங்க அச்சு அசலா ஒரே மாதிரி. ரேகையும் ஒண்ணா இருக்குமா?

இருக்காது. கருவுல ஆறு மாசத்துக்குள்ள ரேகை உருவாகிடும், அப்ப விரல் மேல படுற அழுத்தம், விரலோட வளர்ச்சி எல்லாம் ஆளுக்கு ஆள் வேற. ஜீன் ஒண்ணா இருந்தாலும் ரேகை வேறதான்.

அப்பா கொத்தனார். ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழல. ரேகை போயிடுச்சா?

போகலங்க. சிமெண்ட் மேல்தோலைத்தான் தின்னுருக்கு, அச்சு உள்தோல்ல அப்படியே இருக்கு. கொஞ்ச நாள் வேலைக்கு லீவு விட்டா திரும்ப எழும்பும். அதுவரைக்கும் வேற விரலை வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா கருவிழி பதிவு கேளுங்க.

செத்துப்போன பாட்டி கைநாட்டு வச்ச புரோநோட்டு போட்டோ வாட்ஸப்ல அனுப்பிருக்கேன். அவங்களோடதா சொல்லுங்க.

எத்தனை தடவை சொல்றது, போட்டோவும் ஜெராக்ஸும் வேணாம், ஒரிஜினல் வேணும்! நீங்க அனுப்புனதுல ஒரு ஊதாக் கறைதான் தெரியுது, சுழியா வளையமான்னு கூட பிடிபடல. எனக்கு இதுலதான் ரொம்ப ஆதங்கம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அந்த ஒரு ரேகைதான் கையெழுத்து, அவங்க நிலமே அதுல நிக்குது, ஆனா பத்திரம் எழுதுற இடத்துல வயசானவங்க விரலைப் பிடிச்சு ஸ்டாம்ப் பேடுல அமுக்கி பேப்பர்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறாங்க. நாளைக்கு கேஸ் வந்தா அதை வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. விரலைத் துடைங்க, மை கொஞ்சமா தடவுங்க, நகத்தோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே தடவை மெதுவா உருட்டுங்க. கலைஞ்சா அது மேலயே வைக்காம பக்கத்துல புதுசா வைங்க, எந்தக் கை எந்த விரல்னு எழுதுங்க. வெத்துப் பேப்பர்ல மட்டும் வைக்கவே வைக்காதீங்க.

பாட்டி முன்னாடி ஏதாவது பத்திரம் பதிஞ்சிருந்தா சார்பதிவாளர் ஆபீஸ் ரேகை ரிஜிஸ்டர்ல அவங்க பெருவிரல் இருக்கும், அதோட ஒப்பிடச் சொல்லி வக்கீல் மூலமா கோர்ட்ல மனு போடுங்க. ஆதார்ல இருக்குமேன்னு கேக்காதீங்க, அந்த ரேகையைத் தர சட்டத்துல இடமில்ல.

12 பாயிண்ட் பொருந்துனா 100 சதவீதம் அவன்தானே?

இல்ல. பாயிண்ட்னா ரேகைக் கோடு முடியுற, பிரியுற இடம். குறைஞ்சது 16 பொருந்தணும்ங்கிற விதியை இங்கிலாந்துலயே 2001ல விட்டுட்டாங்க. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புல ஒரு பையில கிடைச்ச ரேகை பிராண்டன் மேஃபீல்டுங்கிற அமெரிக்க வக்கீலோடதுன்னு எஃப்பிஐ அடிச்சுச் சொல்லி ரெண்டு வாரம் போல உள்ள வச்சாங்க, அப்புறம் அது ஒரு அல்ஜீரியக்காரரோடதுன்னு ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடிச்சுது. எண்ணிக்கை மட்டும் போதாது, ரேகை தெளிவா இருக்கணும். தெளிவில்லன்னா "சொல்ல முடியாது"ங்கிறதுதான் நேர்மையான பதில்.

ரேகை முறையைக் கண்டுபிடிச்சது ஹென்றிதானே?

பேரு அவருது, வங்காளத்துல இருந்த பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி. ஆனா ரேகைகளை வகை பிரிக்கிற அந்த முறைக்கு கல்கத்தாவுல உக்காந்து கணக்குப் போட்டவங்க அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். 1897ல போலீஸ் ரேகை அலுவலகம் அங்கதான் வந்துச்சு, லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டுக்கு 1901லதான். பரீட்சைக்குப் படிக்கிறவங்க மூணு பேரையும் எழுதுங்க.

டம்ளர்ல இருக்கற ரேகை எந்தத் தேதியில பட்டதுன்னு சொல்ல முடியுமா?

நம்பிச் சொல்ற மாதிரி வழி இல்ல. தொட்டார்னு சொல்லலாம், எப்பன்னு சொல்ல முடியாது.